முன்னறையில் தொங்கிய நீர்மூழ்கி

அந்த வீட்டு முன்னறையில் ஒரு மனிதருடைய படமும் இல்லை. கணவருடைய படம் இல்லை, கலியாணப் படம் இல்லை. மற்ற வீடுகளில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு தொங்குகிற இடத்தில், கணப்படுப்புக்கு மேலே, ஒரு நீர்மூழ்கியின் கறுப்பு வெள்ளைப் படம் தொங்கியது. அறை பார்க்கப் போன முதல் நாள் அதை நான் செத்துக் கரை ஒதுங்கிய திமிங்கிலம் என்று நினைத்தேன். கூட வந்த என் மனுசன், இவர், என் காதுக்குள், "உது சப்மரின். மனிசி ஜேர்மன்காரி. கவனமாக் கதையும்" என்றார்.

கதைக்கிற பழக்கமே இல்லாதவள் நான். கவனமாகக் கதைப்பது எனக்கொன்றும் கஷ்டமாக இருக்கவில்லை.

வீடு தோர்ண்டன் ஹீத்தில், ரயில் பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. எண்பதுகளின் நடுவில் அதன் மேல் மாடிக்குக் குடிபோனோம். கீழே அவர் தனியாக இருந்தார். அவருடைய முழுப் பெயர் என் நாக்கில் ஏறவில்லை. 'மிஸிஸ்' வரைக்கும் வந்து நின்றுவிடும். அதையே பெயராக வைத்துக்கொண்டோம். யுத்தம் முடிந்த பிறகு ஆஸ்பத்திரி வேலைக்கென்று லண்டனுக்கு வந்து, ஒரு பஸ் டிரைவரைக் கட்டி, அவரையும் அனுப்பிவிட்டு இருந்தவர். நாற்பது வருடம் ஆகியும் அவருடைய ஆங்கிலம் இரவல் சட்டை போலத்தான் தெரியும். என்னுடையது அதைவிடத் தொளதொளத்த இரவல். அதனாலோ என்னவோ எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாக விளங்கியது. அவர் சொன்னவற்றை எனக்கு விளங்கிய தமிழில் எழுதுகிறேன்.

மிஸிஸிடம் ஒரு கேள்வி இருந்தது. "யார் பார்த்தது?"

மூலை வீட்டு மனிதன் பெண்சாதியை விட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வேலிக்கு மேலால் சொல்லுவாள். "யார் பார்த்தது?" என்பார் மிஸிஸ். "எல்லோரும் சொல்கிறார்கள்." "எல்லோரும் காதால் சொல்கிறார்கள். கண்ணால் யார்?" அவளுடைய முகம் சுருங்கிவிடும். மீன்கடைக்காரன், இன்றைக்குக் காலையில் பிடித்த மீன் என்றால் அவனிடமும் அதே கேள்வி. "நான் அதோடு சேர்ந்து நீந்தவில்லை, அம்மா" என்று ஒருநாள் அவன் சொன்னான். மிஸிஸ் சிரிக்கவில்லை. "அப்படியென்றால் தெரியாது என்று சொல்" என்றுவிட்டு அந்த மீனையே வாங்கிக்கொண்டு வந்தார்.

ஒருமுறை குளியலறையில் சுடுதண்ணீர் கொதிக்கவைக்கும் பெட்டியை நாங்கள் நிற்பாட்டாமல் விட்டுவிட்டோம் என்று வழக்கு வந்தது. இவர் படியில் நின்று, தானே நிற்பாட்டியதாகச் சொன்னார்.

"நிற்பாட்டியதை யார் பார்த்தது?"

இவர் என்னைக் காட்டினார். மிஸிஸ் என் பக்கம் திரும்பினார். அவருடைய கண்கள் வெளிறிய நீலம். கோபமே இல்லாத கண்கள். "நீ பார்த்தாயா?"

நான் பார்க்கவில்லை. பொய் சொல்ல வாய் வரவில்லை. மெய் சொன்னால் இவருக்கு அவமானம். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மிஸிஸ் முழங்கால் நோவோடு படியேறிப் போய்ப் பார்த்தார். பெட்டி நிற்பாட்டித்தான் இருந்தது. "இப்போது பார்த்துவிட்டேன்" என்று சொல்லி இறங்கிப் போனார்.

"கோட்டிலை நீதவானா இருக்கவேண்டிய மனிசி, இஞ்சை வீடு வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கு" என்றார் இவர். பிறகு என்னைப் பார்த்து, "நீரும் வாயைத் திறக்கேல்லை" என்றார்.

மழை பெய்து வெளியே போகமுடியாத நாட்களில் மிஸிஸ் அந்தப் படத்துக்குக் கீழே இருந்து அதன் கதையைச் சொல்லுவார். கப்பல் என்று சொல்ல விடமாட்டார். படகு என்று திருத்துவார். அதற்கு ஒரு எழுத்தும் சில இலக்கங்களும்தான் பெயர். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அவருடைய சொத்து.

ஊரில் ஒரு பெரிய மனிதருடைய வரலாற்றைச் சொல்வதுபோலப் பிறப்பு, படிப்பு, உத்தியோகம் என்று ஒழுங்காகச் சொல்லுவார். ஹம்பேர்க்கில் ஒரு கப்பல் கட்டும் துறையில் பிறந்தது. தண்ணீரில் இறக்கிய அன்று முன்பக்கத்தில் பூங்கொத்து கட்டியிருந்தார்கள். பிறகு பல மாதம் பால்டிக் கடலில் படிப்பு. முங்கப் பழகுவது, எழும்பப் பழகுவது, சத்தம் போடாமல் கிடக்கப் பழகுவது. படித்து முடிந்ததும் பிரான்சின் மேற்குக் கரையில் ஒரு துறைமுகம் அதற்கு வீடாகியது. முதல் பயணத்தில் எஞ்சின் பழுதாகி வெறுங்கையோடு திரும்பியது. அடுத்ததில் இரண்டு சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தது. அதற்கடுத்ததில் விமானம் குண்டு போட்டு, நொண்டி நொண்டி வந்து சேர்ந்தது. நான்காவது பயணத்திலிருந்து திரும்பவில்லை.

அந்தப் படகுக்குள் டீசல் எஞ்சின் பார்க்கிற வேலை அவருடைய அண்ணனுக்கு. அண்ணன் என்ற சொல் கதையின் கடைசியில்தான் வரும். படகுக்கு நடந்ததெல்லாம் அண்ணனுக்கும் நடந்தது. அண்ணனுக்கென்று தனியாக ஒரு கதை அவரிடம் இருக்கவில்லை. லீவில் வந்தபோது அவர் மேல் டீசல் வாடை அடித்தது, நித்திரையில் இருமல் வந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார், அவ்வளவுதான். மிஸிஸுக்கு அப்போது பள்ளிக்கூட வயது.

இவருக்கு அந்தக் கதை பிடிக்காது. ஒருநாள் பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் முடித்து வந்தவர், நனைந்த சப்பாத்தோடு வாசலில் நின்று, "அந்த இரண்டு கப்பலிலும் இருந்தவர்கள்?" என்று கேட்டார். ஆங்கிலத்தில்தான் கேட்டார். ஆனால் குரல் எங்கள் ஊர்ச் சண்டைக்குரல்.

மிஸிஸ் சுணங்காமல் பதில் சொன்னார். "ஒன்றில் எல்லோரும் தப்பினார்கள். மற்றதில் கீழே கரி போட்டவர்கள் தப்பவில்லை. அவர்கள் இந்தியாவிலிருந்து வந்த கடலோடிகள். பெயர் தேடினேன், கிடைக்கவில்லை. படகின் கதையில் அதுவும் உண்டு. அதை விட்டுவிட்டுச் சொன்னால் அது கதை இல்லை, தாலாட்டு."

"உங்கள் அண்ணன் அதைப் பார்த்தாரா?"

"எஞ்சின் அறையில் இருப்பவனுக்குக் கடல் தெரியாது. சத்தம் மட்டும்தான் தெரியும்."

மேலே வந்து சப்பாத்தைக் கழற்றும்போது இவர், "மனிசி ஒளிக்கேல்லை" என்று மட்டும் சொன்னார்.

படகின் முடிவு எப்படித் தெரிந்ததென்றால், யுத்தம் முடிந்த பிறகு வென்றவர்கள் இரண்டு பக்கத்துக் காகிதங்களையும் அருகருகே வைத்துப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். யூலை மாதத்தில் ஒரு நாள் பிஸ்கே விரிகுடாவில் ஒரு விமானம் நீர்மூழ்கி ஒன்றுக்குக் குண்டு போட்டிருந்தது. தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. அது இந்தப் படகாகத்தான் இருக்கவேண்டும் என்று எழுதி முடித்தார்கள். மிஸிஸின் தாய்க்கு அந்த நாள் சொல்லப்பட்டது. தாய் இருக்கும் மட்டும் தாய், பிறகு மகள், வருடம் தவறாமல் யூலையில் அந்த நாளில் ஒரு மெழுகுதிரி. நாங்கள் குடிபோன பிறகும் இரண்டு யூலை அதைப் பார்த்தோம். அன்றைக்கு மட்டும் அவர் ஒருவரிடமும் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்.

மூன்றாவது வருடம் ஒரு வயதான ஆங்கிலேயர் வந்தார். பழைய கடற்படைக் காகிதங்களைப் போய் இருந்து படிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. மிஸிஸுக்கு அன்றைக்குக் கை நோவு என்பதால் நான்தான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன். மனிதருக்கு முகமெல்லாம் சந்தோஷம். அந்த விமானம் குண்டு போட்டது வேறொரு படகுக்கு என்று தான் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். அந்தப் படகு தப்பிவிட்டது, அதிலிருந்தவர்கள் கரை சேர்ந்து அதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். "உங்களுடைய படகு அந்தப் பக்கமே இருக்கவில்லை."

"அப்படியென்றால் எங்கே?"

"தெரியாது. இனிமேல், காணாமல் போனது, காரணம் தெரியாது என்றுதான் எழுதுவார்கள்."

"எண்ணெய் மிதந்ததே?"

"அது மற்றப் படகின் எண்ணெய்."

மிஸிஸ் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அவர் சீனி போடுவதில்லை. "நாற்பது வருடம் வேறு ஆட்களுடைய எண்ணெய்க்கு மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறோம், அம்மாவும் நானும்" என்றார். வந்தவருக்குத் தான் கொண்டுவந்தது பரிசில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மிஸிஸ் அவரைக் கேற் வரை கூட்டிக்கொண்டு போய் மரியாதையாக வழியனுப்பிவிட்டு, உள்ளே வந்து மெழுகுதிரித் தாங்கியை எடுத்து அலுமாரிக்குள் வைத்தார்.

"அந்த யூலை நாளில் அண்ணன் உயிரோடு இருந்திருக்கிறான்" என்றார் என்னிடம். "உயிரோடு இருந்தவனுக்குச் செத்தவீட்டுத் திரி."

அதற்குப் பிறகு அந்தக் கேள்வி மாறிவிட்டது. முன்பு மீன்கடையில் கேட்டால் நாங்கள் மேலே போய்ச் சிரிப்போம். இப்போது அவர் கேட்டால் நான் சிரிக்காமல் மேலே போய்விடுவேன்.

அந்தக் குளிர்காலத்தில் என் அக்கா வந்து சேர்ந்தா. அத்தானை இழந்து, பிள்ளைகள் இல்லாமல், ஒரு சின்னப் பெட்டியோடு வந்தா. ஊரில் ஆமி ஆண்களைப் பிடித்துக்கொண்டு போகத் தொடங்கிய நாட்களில் அத்தான் மீன்பிடி வள்ளத்தில் வேறு ஆட்களோடு இந்தியாவுக்குப் புறப்பட்டவர். வள்ளம் போய்ச் சேரவில்லை. நடுக்கடலில் நேவி சுட்டுப்போட்டான் என்று பிறகு செய்தி வந்தது. கொஞ்ச நாள் பார்த்திருந்துவிட்டு, புறப்பட்ட இரவையே நாளாக வைத்து, செத்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியையைச் செய்தார்கள். அக்காவின் நெற்றி வெறுமையானது. ஒவ்வொரு மாசியிலும் அந்தத் திதிக்குத் திவசம். லண்டனில் அதைச் செய்யக் கடமைப்பட்டவர் ஈஸ்ட் ஹாமில் இருந்த அத்தானின் தம்பி.

முதல் மாசியில் தம்பியார் ஐயரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மேல் அறையில் அத்தானின் படத்துக்கு மாலை போட்டு, பிண்டம் பிடித்து, மந்திரம் நடந்துகொண்டிருந்தபோது சாம்பிராணிப் புகைக்கு அலாரம் கத்தத் தொடங்கியது. ஐயர் காதைப் பொத்தினார். மிஸிஸ் கூட்டுகிற தும்புத்தடியோடு ஏறி வந்து அதன் பொத்தானைக் குத்தி நிற்பாட்டினார். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மாலை போட்ட படத்தைப் பார்த்தார்.

"யார்?"

அக்காவுக்கு நல்ல ஆங்கிலம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவ. "என் கணவர். கடலில் போனவர். படகைச் சுட்டுவிட்டார்கள்."

மிஸிஸ் தும்புத்தடியைச் சுவரில் சாத்தினார். என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்கவேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். வழக்கம்போல வரவில்லை.

"யார் பார்த்தது?"

இரக்கத்தோடுதான் கேட்டார். தனக்கு நடந்தது இன்னொருத்திக்கு நடக்கக்கூடாது என்று கேட்டார். அக்கா படத்து மாலையை நேராக்கினா. ஐயர் மந்திரத்தை விட்ட இடத்தைத் தேடினார்.

சடங்கு முடிந்ததும் படைத்த சோறும் வாழைக்காய்க் கறியும் வடையும் வைத்த இலையை அக்கா பின் வளவு மதிலில் கொண்டுபோய் வைத்தா. பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் "கா... கா..." என்றுவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே வந்தா. காகம் எடுத்தால் போனவர் எடுத்த மாதிரி. கொஞ்ச நேரத்தில் மிஸிஸ் தன் குசினி யன்னலிலிருந்து பார்த்ததை வந்து சொன்னார். "காகம் வரவில்லை. வடையை அணில் கொண்டு போய்விட்டது. சோறு புறாக்களுக்கு. நான் பார்த்தேன்."

"லண்டன் காகத்துக்கு வால் முளைச்சிருக்காக்கும்" என்றார் தம்பியார். ஐயரும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அடுத்த கிழமை அக்கா ஈஸ்ட் ஹாமுக்குப் போய்த் தம்பியாரைப் பிடித்தா.

"தம்பி, உமக்கு ஆர் சொன்னது?"

"என்ன அண்ணி இது, எத்தினை வருசம் போச்சு! வெம்பிளியிலை இருக்கிற ஒராள்தான் ஊருக்குச் சொல்லிவிட்டது."

"அவர் பாத்தவரோ?"

"அவருக்கு அகதி முகாமிலை இருந்த ஒரு மனிசி சொன்னதாம்."

அக்கா வெம்பிளிக்குப் போனா. அந்த மனிசியின் டெலிபோன் நம்பரைத் தேடி எடுத்தா. அவ அப்போது பிரான்சில். மிஸிஸின் முன்னறை போனில்தான் அக்கா கதைத்தா. நான் பக்கத்தில் நின்றேன். மறுமுனையிலிருந்து வந்த குரல் எனக்கும் கேட்டது. "நான் வேறை வள்ளம், பிள்ளை. முன்னுக்குப் போன வள்ளத்தின்ர பக்கம் வெளிச்சம் அடிச்சுது. சத்தம் கேட்டது. எங்கட ஓட்டி திருப்பிக்கொண்டு ஓடிட்டான். ஆரையும் பாக்கேல்லை."

அக்கா போனை வைத்துவிட்டு மிஸிஸைப் பார்த்து, "சத்தம் மட்டும்தான்" என்றா.

அன்று பின்னேரம் அக்கா கண்ணாடிக்கு முன் நின்று பொட்டு வைத்தா. சின்னச் சிவப்புப் பொட்டு. நான் சீலை மடித்துக்கொண்டிருந்தேன், மடிப்பைக் குழப்பிவிட்டேன்.

அடுத்த மாசிக்கு வந்த தம்பியார் அந்தப் பொட்டைக் கண்டு, கொண்டுவந்த பூவை மேசையில் எறிந்தார். "அண்ணி, ஈஸ்ட் ஹாம் முழுக்கச் சிரிக்குது. அண்ணையை அவமானப்படுத்துறியள்."

"உயிரோடை இருக்கிற மனிசனுக்குப் பிண்டம் வைக்கிறது அவமானமில்லையோ?" என்றா அக்கா. "இருக்கிறவருக்கு வைச்சாலும் பாவம். இல்லாதவருக்கு வைக்காட்டிலும் பாவம், பசியோடை திரிவார். எனக்குத் தெரியாதே? எது எண்டு பாத்த ஒராளைக் கொண்டுவாரும். நான் பொட்டை அழிக்கிறன்."

அவர் போனவர்தான். பிறகு வரவில்லை.

வருடங்கள் அப்படியே போயின. அக்கா ஒவ்வொரு இரவும் ஒரு கோப்பைச் சோறு மூடி வைப்பா. காலையில் அதைத் தானே தின்பா. கீழே போன் அடித்தால் படியில் ஓடுவா. போன் அடிக்கும்போது வீட்டில் இல்லாமல் போய்விடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்த துப்புரவு வேலையை விட்டுவிட்டா. ஊரிலிருந்தோ முகாமிலிருந்தோ யாராவது புதிதாக வந்தால் மட்டும் வெளிக்கிட்டு, பஸ் மாறிப் போய் விசாரித்துவிட்டு வருவா. நாங்கள் சொந்தமாக வீடு வாங்கிப் போகலாம் என்று இவர் சொன்னபோது, "இந்த நம்பரைத்தான் எல்லா இடமும் குடுத்து வைச்சிருக்கிறன். நீங்கள் போங்கோ, நான் வரமாட்டன்" என்றா. நாங்களும் போகவில்லை.

மத்தியானங்களில் அக்காவும் மிஸிஸும் அந்தப் படத்துக்குக் கீழே ஆளுக்கொரு கதிரையில் இருப்பார்கள். அதிகம் கதைக்கமாட்டார்கள். மிஸிஸுக்கு அக்காவைப்போல விளங்கிய ஒருவர் அதற்கு முன் இருந்ததில்லை. அக்காவுக்கும் அப்படித்தான். நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். ஆனால் கதவு இடுக்கால் பார்க்கும்போது, இரண்டு பேரும் தண்ணீருக்குக் கீழே சத்தம் போடாமல் கிடப்பதுபோல எனக்குத் தெரியும். பயமாக இருக்கும்.

அக்கா மெலிந்து எலும்பும் தோலுமாகிக்கொண்டு வந்தா. ஒருநாள் மிஸிஸ் எங்கள் குசினிக்கு வந்து மூடி வைத்த கோப்பையைக் கண்டார். என்ன என்று கேட்டார். சொன்னேன்.

"எவ்வளவு காலமாக?"

"நீங்கள் கேட்ட நாளிலிருந்து, மிஸிஸ்."

அவ்வளவு நீளமாக அவரிடம் நான் கதைத்ததே அரிது. அவர் மூடியைத் திறந்து சோற்றைப் பார்த்தார். திரும்பவும் மூடிவிட்டு இறங்கிப் போனார்.

தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு இளம் ஆண்கள் வந்தார்கள். கடலில் முங்கிப் பழைய கப்பல்களைத் தேடுகிறவர்கள். அந்தப் பழைய காகித மனிதர்தான் விலாசம் கொடுத்திருக்கிறார். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள கால்வாயில், பிஸ்கேயிலிருந்து எவ்வளவோ தூரத்தில், மிஸிஸின் படகு கிடக்கிறது என்றார்கள். கண்ணிவெடியில் பட்டிருக்கலாம்.

"யார் பார்த்தது?" என்றார் மிஸிஸ்.

"நாங்கள் இரண்டு பேரும்" என்றான் ஒருவன். "படகைத் தள்ளும் சுழலியின் மேல் பொறித்திருந்த இலக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தோம்."

அந்தக் கேள்விக்கு ஒருவர் பதில் சொன்னதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். மிஸிஸ் எழும்பிப் போய்க் கேக் வெட்டிக்கொண்டு வந்தார். கத்தி தட்டில் அடிபட்டுச் சத்தம் போட்டது. அவர்களுடைய பெயரைக் கேட்டார், தாய்மாருடைய சுகத்தைக் கேட்டார். உள்ளே போனீர்களா என்று கேட்டார். போகவில்லை, அது கல்லறை, உள்ளே போகக்கூடாது என்றார்கள். அக்கா கதவருகில் நின்றா.

எழும்பும்போது மற்றவன், ஆறுதலுக்காகத்தான் என்று நினைக்கிறேன், ஒன்று சொன்னான். "எஞ்சின் அறைப் பக்கமாக மேலே ஒரு மூடி இருக்கிறது. அது திறந்திருந்தது. உள்ளேயிருந்துதான் திறந்திருப்பார்கள். சிலர் வெளியே வந்திருக்கக்கூடும்."

அவர்கள் போன பிறகு மிஸிஸ் வெகுநேரம் படத்தில் படகின் பின்பக்கத்தை, எஞ்சின் அறை இருக்கும் இடத்தை, பார்த்துக்கொண்டு நின்றார். "படகு எங்கே என்று தெரிந்துவிட்டது" என்றார். "அவன் எங்கே என்று தெரியவில்லை. இனி நான் யாரிடம் கேட்பது?"

அந்த யூலையில் மெழுகுதிரித் தாங்கி திரும்ப வெளியே வந்தது. ஆனால் எந்த நாளில் கொளுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. திரி இல்லாமல் மாதம் முழுக்க மேசையில் இருந்தது.

அடுத்த மாசியில் மிஸிஸ் எங்கள் படியேறி வந்தார். முழங்கால் நோவில் இரண்டு தரம் நின்று நின்று வந்தார். அக்காவுக்கு முன் கதிரையில் இருந்தார்.

"முன்பு இந்த மாதம்தானே சமைப்பீர்கள். சமையுங்கள்."

அக்கா அவரைப் பார்த்தா. "யார் பார்த்தது, மிஸிஸ்?"

அவருடைய கேள்வியை அவருக்கே ஒருவர் திருப்பிக் கேட்டு நான் கண்டதில்லை. மிஸிஸின் முகம் சிவந்தது. "ஒருவரும் பார்க்கவில்லை. பசியோடு திரிவார் என்று ஒருநாள் என்னிடமும் சொன்னீர்களே."

அக்கா என் பக்கம் திரும்பித் தமிழில், "பிண்டம் வைக்கமாட்டன். சமைச்சு மதிலிலை வைக்கிறன். காகம் எடுத்தா அவர் இல்லை. எடுக்காட்டி இருக்கிறார். இதோடை நான் ஒருத்தரையும் கேக்கமாட்டன்" என்றா. அதையே ஆங்கிலத்தில் மிஸிஸுக்குச் சொன்னா. "நான் பார்க்கமாட்டேன். இவள் என் தங்கச்சி, எனக்காகப் பொய் சொல்லுவாள். நீங்கள் பாருங்கள். நீங்கள் பார்த்ததை மட்டும்தான் சொல்லுவீர்கள்."

அத்தானுக்குப் பிடித்த பூசணிக்காய்க் கறி வைத்தோம். வடை சுட்டோம். இலையை மதிலில் வைத்துவிட்டு அக்கா நேரே முன்னறைக்குப் போய் நீர்மூழ்கிக்குக் கீழே இருந்தா. மிஸிஸ் தன் குசினி யன்னலில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றார். நான் அவருக்குப் பக்கத்தில் சட்டி கழுவும் சாட்டில் நின்றேன்.

உண்மையாகவே ஒரு காகம் இருந்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து வீட்டு அன்ரெனாவில் இருந்து தலையைச் சரித்து இந்தப் பக்கம் பார்த்தது. மிஸிஸின் கை குசினி மேசை விளிம்பைப் பிடித்தது. காகம் இறங்கவில்லை. அணில் வந்தது, வழக்கம்போல வடையைத் தூக்கிக்கொண்டு போனது. புறாக்கள் வந்தன. ரயில் ஒன்று சத்தத்தோடு போனது, காகம் எழும்பி ரயில் போன பக்கமாகப் போய்விட்டது. புறாக்கள் இலையைக் கீழே தள்ளிவிட்டன.

மிஸிஸ் கண்ணாடியைக் கழற்றி மேலங்கியில் துடைத்தார். போடவில்லை. கையில் வைத்துக்கொண்டு முன்னறைக்கு நடந்தார். நான் ஈரக்கையோடு பின்னால் போனேன்.

"காகம்" என்றார். "நான் பார்த்தேன்."

அக்கா நிமிர்ந்தா. "முதலில் எதை எடுத்தது?"

"சோற்றை. பிறகு வடையை."

அத்தான் போய் அத்தனை வருடத்தில் அக்கா வாய்விட்டு அழுததை நான் பார்த்ததில்லை. அந்தியேட்டியன்றும் அவ அழவில்லை என்று ஊரில் சொன்னார்கள். அன்றைக்கு அந்த முன்னறையில், தரையில் இருந்து, தலையில் அடித்துக்கொண்டு, எங்கள் ஊர்ச் செத்தவீட்டில் அழுவதுபோல அழுதா. "ஐயோ என்ர ராசா, பசியோடை விட்டிட்டனே." மிஸிஸுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. முழங்காலைக் கஷ்டப்பட்டு மடித்துப் பக்கத்தில் இருந்து, என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவின் பின்னலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் அக்காவின் நெற்றியில் பொட்டு இல்லை. அன்றிரவு கோப்பை மூடி வைக்கவில்லை. போன் அடித்தபோது எழும்பவில்லை. இவர்தான் இறங்கிப் போய் எடுத்தார், யாரோ நம்பர் மாறி அடித்திருந்தார்கள். அக்கா விடியும் மட்டும் நித்திரை கொண்டா. நான் கொள்ளவில்லை. அத்தான் எங்கோ இருந்து அந்த நேரம் எங்கள் நம்பரைச் சுழற்றுகிறார் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இன்று வரைக்கும் அப்படி ஒரு போன் வரவில்லை. வரவில்லை என்பதால் மிஸிஸ் சொன்னது பொய் இல்லை என்று ஆகிவிடுமா, எனக்குத் தெரியாது.

மறுநாள் குப்பை வைக்கப் பின் வளவுக்குப் போனேன். மிஸிஸ் மதிலடியில் விழுந்து கிடந்த இலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மதிலில் அணில் நகக் கீறலும் புறா எச்சமும் கிடந்தன. என் வாய் எப்படித் திறந்ததோ தெரியாது.

"மிஸிஸ், நேற்று வந்தது அணில்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சுடுதண்ணீர்ப் பெட்டிக்கு என்னைச் சாட்சி கேட்ட அதே வெளிறிய கண்கள். ஆனால் அன்றைக்கு அவை என்னிடம் எதையோ மன்றாடின.

"யார் பார்த்தது?" என்றார்.

நான் இலையை அவர் கையிலிருந்து வாங்கிக் குப்பைக்குள் போட்டேன்.

"நான் பார்க்கவில்லை, மிஸிஸ்" என்றேன்.